ஜோஸ்வா கேட்காமல் விட்ட ஐந்தாவது ஏன்

எங்கள் எஸ்டேட்டில் ஜோஸ்வா என்று ஒரு ரைட்டர் இருக்கிறான். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவன் இல்லை. காலையில் மஸ்டரில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பேர் எழுதுகிறவன். அதை மட்டும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தால் அவனைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன். அவன் யோசனை சொல்ல ஆரம்பித்தான். அதோடு நின்றாலாவது பரவாயில்லை, எப்படி யோசிப்பது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்தான்.

பிறந்தது ஏற்காடு மலைக் கிராமமான கொட்டச்சேட்டில். மிஷன் பள்ளியில் பிளஸ் டூ, அதில் இங்கிலீஷ் மட்டும் மூன்றாவது தடவையில் பாஸ். அதற்குப் பிறகு ஏற்காடு டவுனில் ஏரிக்குப் பக்கத்து ரிசார்ட் ஒன்றில் பதினொரு வருஷம் வேலை. அறை சுத்தம் செய்யும் வேலையில் சேர்ந்து, மீட்டிங் ஹாலுக்கு டீ கொண்டுபோகும் வேலைக்கு உயர்ந்தான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கம்பெனிக்காரர்கள் பஸ் பிடித்து அங்கே வருவார்கள். கீழே சமவெளியில் இருந்தால் யோசனை வராது போலிருக்கிறது, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால்தான் வரும். இரண்டு நாள் கத்திப் பேசி, கலர் கலராகச் சீட்டு எழுதிச் சுவர் முழுக்க ஒட்டிவிட்டு, மூன்றாம் நாள் படகு சவாரி போய்விட்டு இறங்கிவிடுவார்கள். சீட்டை உரித்தெடுப்பது ஜோஸ்வாவின் வேலை.

மற்றவர்கள் குப்பையில் போடுவதை இவன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். நாகலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தச் சீட்டுகளை ஜெபப் புத்தகம் மாதிரி படிப்பான். பிறகு ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வைப்பான். அதில் உருப்படியாக ஏதாவது இருந்தால் எழுதினவனே விட்டுவிட்டுப் போவானா? இந்தக் கேள்வியை நான் அவனிடமே கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டே டின்னை இறுக்கி மூடினான். ஒரு தடவை பேர் எழுதாத சர்டிபிகேட் ஒன்று ஹாலில் கிடந்ததாம். அதில் தன் பேரைத் தானே எழுதி, கண்ணாடி போட்டு, வீட்டில் இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறான். ஆண்டவருக்கு அந்த இடம் ஒதுக்கினதே பெரிய விஷயம்.

பெரிய முதலாளி போனபின் எஸ்டேட் அவர் மகன் லோகேஷ் கைக்கு வந்தது. வெளிநாட்டில் படித்த பையன், வயது முப்பதுகூட இல்லை. ஒருநாள் அந்த ரிசார்ட்டில் தங்கியிருந்தபோது வெந்நீர் வரவில்லை என்று கோபப்பட்டிருக்கிறான். டீயோடு வந்த ஜோஸ்வா, “இது பிரச்சினை இல்லீங்க சார், வாய்ப்புங்க” என்றானாம். என்னிடம் எவனாவது அப்படிச் சொல்லியிருந்தால் டீயை அவன் தலையில் ஊற்றியிருப்பேன். லோகேஷ் அவனை எஸ்டேட்டுக்கு ரைட்டராகக் கூட்டி வந்துவிட்டான். இருபத்தாறு வருஷமாக ஸ்டோர் பார்க்கிற என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். உரம், மருந்து, சாக்கு எல்லாம் என் பொறுப்பு. அறுவடைக் காலத்தில் எடை போடுவதும் நான்தான். பெண்கள் காப்பிப் பழத்தைப் பறித்துச் சாக்கில் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு மேட்டுக் கொட்டகைக்கு வருவார்கள். அங்கே தொங்குகிற தராசில் மாட்டி நான் எடை சொல்வேன். கொட்டகையில் மெத்தை போட்ட நாற்காலி, ஃபேன், தண்ணீர் காய்ச்சுகிற கெட்டில், ஒரு ரேடியோ. மரியாதையான இடம்.

பறிக்கிறவர்களில் இன்பமேரிக்கு இணை யாருமில்லை. ஐம்பத்து மூன்று வயது, கை மட்டும் இருபது வயது. பள்ளக்காடு என்று சொல்கிற அடிவாரப் பகுதி அவள் பறிக்கிற இடம். அங்கிருந்து கொட்டகைக்குச் செங்குத்தாக ஏற வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு தடவை, தலையில் மூட்டையோடு. இரண்டு வருஷமாக வலது முழங்கால் அவளுக்கு ஒத்துழைக்கவில்லை. சேலத்து டாக்டர் சுமை தூக்கி மேடு ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஏறாமல் இருக்க முடியாது. புருஷன் இல்லை. இருப்பது வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டின எஸ்டேட் லயன் வீடு, வேலையில் இருக்கிறவரைதான் வீடு. மகள் ஈவ்லின் சேலத்தில் நர்ஸிங் இரண்டாம் வருஷம். அவள் படித்து முடிக்க இன்னும் இரண்டு வருஷம் வேண்டும். அதுவரை இன்பமேரி அந்த மேட்டை ஏறியாக வேண்டும், இல்லாவிட்டால் சாமானைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டும்.

அந்த வருஷம் ஆள் பற்றாக்குறை. இளசுகள் எல்லாம் திருப்பூருக்கும் சேலத்துக்கும் போய்விட்டன. பழம் செடியிலேயே கறுத்து உதிர்ந்தது. பறிப்பை வேகப்படுத்த வழி கண்டுபிடி என்று லோகேஷ் சொன்னான். ஜோஸ்வாவுக்குச் சொர்க்கம் திறந்துவிட்டது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பழம் காயவைக்கிற களத்தில் நாற்பது பேரை வட்டமாக உட்காரவைத்தான். ஆறு கலரில் தொப்பி வேண்டும், ஒவ்வொரு கலருக்கும் ஒரு விதமாக யோசிக்க வேண்டும் என்றான். ஏற்காட்டில் தொப்பிக்கு எங்கே போவது? ஏரிக்கரைக் கடையில் குரங்கு குல்லா வாங்கி வந்திருந்தான். வெள்ளை கிடைக்கவில்லை, அதற்குப் பதில் ரிசார்ட்டில் குளிக்கும்போது தலையில் மாட்டுகிற பிளாஸ்டிக் உறை. அதை மேஸ்திரி தலையில் மாட்டிவிட்டு, “நீங்க உண்மைய மட்டும் பேசோணுங்க” என்றான். மேஸ்திரி வாழ்க்கையில் பேசாத ஒன்றை அவரிடம் கேட்டான். அவர் மத்தியானம்வரை வாயே திறக்கவில்லை.

அடுத்து தலைகீழ் முறை. வேலையை வேகப்படுத்த வழி கேட்காமல், இன்னும் மெதுவாக்க என்ன செய்யலாம் என்று கேட்பது. அதற்கு வரும் பதிலைத் திருப்பிப் போட்டால் தீர்வு கிடைத்துவிடுமாம். இதற்கு மட்டும் எல்லோரும் உற்சாகமாகப் பதில் சொன்னார்கள். காட்டெருமையை உள்ளே விடலாம் என்றாள் ஒருத்தி. நாகலூர் பஸ்ஸை நிறுத்திவிடலாம் என்றாள் இன்னொருத்தி. இன்பமேரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள், “தராச இன்னும் மேல கொண்டுபோயி சர்ச்சு உச்சியில கட்டிப்போட்டாப் போதுமுங்க” என்றாள். களமே சிரித்தது. ஜோஸ்வாவும் சிரித்தபடி அதைச் சார்ட்டில் எழுதினான். திருப்பிப் போட வேண்டும் என்று அரைமணி நேரம் சொன்னவன், அந்த ஒன்றை மட்டும் திருப்பிப் போடவில்லை. அதற்குள் மணி அடித்து சாப்பாடு வந்துவிட்டது. நான் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். பார்த்துவிட்டு என் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

கூட்டத்தில் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்காக யோசனைப் பெட்டி ஒன்று வைப்பது என்று முடிவாயிற்று. எங்கள் ஆசாரி கோயிலுக்கு வேண்டுதல் சீட்டுப் போடுகிற மன்றாட்டுப் பெட்டி செய்து பழகினவர். மேலே சீட்டுப் போடச் சந்து, முன்னால் சிலுவை, அடியில் மெழுகுவத்தி வைக்க ஒரு பலகை என்று அதே மாதிரி செய்து கொடுத்துவிட்டார். அதை மஸ்டர் கொட்டகையில் மாட்டின மறுநாளே பெண்கள் அதைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டு வேலைக்குப் போனார்கள். ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது உள்ளே நாற்பத்தேழு சீட்டு. மகனுக்குக் குடிப்பழக்கம் போக வேண்டும், பீன்ஸ் தோட்டத்துக்கு எருமை வரக்கூடாது, மருமகளுக்குக் குழந்தை தங்க வேண்டும். எல்லாச் சீட்டிலும் மேலே எங்கள் கோயில் புனிதர் பேர், ‘வனத்து அந்தோணியாரே’. ஜோஸ்வா அசரவில்லை. எந்த யோசனையும் கெட்ட யோசனை இல்லை என்று சொல்லி அத்தனையையும் வகை பிரித்தான். குழந்தை வரம் கேட்டதை ‘நீண்டகால இலக்கு’ என்ற தலைப்பில் வைத்தான். இப்படிப்பட்ட ஒருத்தனை வைத்துக்கொண்டு நாங்கள் பிழைத்தோம்.

அந்த நாற்பத்தேழில் ஒன்று என் கையெழுத்து. பெட்டி மாட்டின வாரம் இன்பமேரி கடைசி மூட்டையை இறக்கிவிட்டு, கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஸ்டோரய்யா, எனக்கு எழுத்து கோணலாத்தான் வருமுங்க. நீங்களே எழுதிக் குடுத்துருங்க. தராசக் கீழ ரோட்டோரம் அந்த ஓக் மரத்துல கட்டிட்டா, டிராக்டரு எரு எறக்கிட்டுச் சும்மாதான் மேல வருது, அதுலயே மூட்டையப் போட்டுக்கலாமுங்க. இந்தக் கால வெச்சுட்டு நானும் இன்னும் ரெண்டு வருசம் ஓட்டிருவேனுங்க.”

நான் பேப்பர் எடுத்தேன். பள்ளக்காட்டு ரோட்டோரத்தில் காலையில் பத்து மணிவரை பனி சொட்டும். நாற்காலி போட இடமில்லை. கரண்ட் இல்லை. தராசு போனால் தராசுக்காரனும் போக வேண்டும். நான் எழுதியது இவ்வளவுதான்: ‘வனத்து அந்தோணியாரே, இன்பமேரியின் முழங்கால் வலி தீர மன்றாடும்.’ சுருக்கமாக எழுதியிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் பிரித்துப் பார்க்கவில்லை. சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்ப் பெட்டியில் போட்டாள்.

சீட்டுகளைப் படித்த அன்று சாயங்காலம் ஜோஸ்வா அந்த முழங்கால் சீட்டைத் தூக்கிக்கொண்டு என் கொட்டகைக்கு வந்தான். ஒரு பிரச்சினைக்கு ஐந்து தடவை ஏன், ஏன் என்று கேட்டால் அடிவேர் வந்துவிடும் என்பது அவன் டின்னில் இருந்த இன்னொரு வித்தை. எதிரே சாக்கு மேல் உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தான். அந்தம்மாவுக்கு ஏன் கால் வலிக்கிறது? மேடு ஏறுவதால் என்றேன். ஏன் ஏற வேண்டும்? மூட்டையைக் கொண்டுவர. ஏன் இங்கே கொண்டுவர வேண்டும்? தராசு இங்கே இருக்கிறது. தராசு ஏன் இங்கே இருக்கிறது? பெரிய முதலாளி காலத்திலிருந்து இங்கேதான் இருக்கிறது என்றேன். நான்கு விரலை மடக்கியிருந்தான், ஐந்தாவது விரல் நின்றுகொண்டிருந்தது. நான் எழுந்து கெட்டிலைப் போட்டேன். லோகேஷ் சார் உன்னைத் தேடினார், டீயைக் குடித்துவிட்டுச் சீக்கிரம் போ என்றேன். பதினொரு வருஷம் டீ கொடுத்தவன் அல்லவா, யாராவது அவனுக்கு டீ கொடுத்தால் நெகிழ்ந்துவிடுவான். குடித்துவிட்டு ஓடினான்.

நான்கு ஏன்களை வைத்துக்கொண்டு அவன் கண்டுபிடித்த தீர்வு முழங்கால் பட்டை. விளையாட்டுக்காரர்கள் மாட்டுகிற அந்த எலாஸ்டிக் உறையில் நாற்பது ஜோடி சேலத்திலிருந்து வந்திறங்கியது. லோகேஷ் ஒவ்வொருத்திக்கும் தன் கையால் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டான். ஈரத்தில் பட்டை கணுக்காலுக்கு வழுக்கி இறங்கிவிடும். இரண்டாவது நாளே பெண்கள் அதைக் கழற்றிச் சாப்பாட்டுத் தூக்குக்கு உறையாகப் போட்டுவிட்டார்கள். சாப்பாடு சூடாக இருந்தது, அதை மறுக்க முடியாது.

இன்பமேரி மட்டும் என்னிடம் வந்து, எழுதினதைப் படித்தார்களா என்று கேட்டாள். படித்தார்கள் என்றேன். என்ன சொன்னார்கள் என்றாள். பார்க்கலாம் என்று சொன்னதாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள். அன்று எனக்கு ரேடியோவில் மனசு போகவில்லை.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு, கொட்டகைக்குக் கீழே கடைசித் திருப்பத்தில் அவள் மூட்டையோடு உட்கார்ந்துவிட்டாள். விழவில்லை, கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். சாக்கு அவிழ்ந்து பழம் சரிவில் உருண்டது. மற்ற பெண்கள் ஓடிப் பொறுக்கினார்கள். முழங்கால் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. மறுநாள் அவள் மஸ்டருக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பதினைந்து நாள் தொடர்ந்து வராதவர்களிடம் வீட்டைத் திருப்பிக் கேட்பது எங்கள் எஸ்டேட் வழக்கம். ஜோஸ்வா தினமும் அவள் பேருக்கு நேராகக் கோடு போட்டான். பொங்கல் லீவுக்கு ஈவ்லின் வந்தபோது கோடு ஐந்தாகியிருந்தது.

ஜனவரி பதினேழு எங்கள் எஸ்டேட் கோயிலின் வனத்து அந்தோணியார் திருநாள். கோயிலுக்கு முன்னால் பொங்கல் வைப்பார்கள், மாட்டுக்கு மந்திரிப்பார்கள், பூசை நடக்கும். முதலாளி வீட்டார் வேறு சாமி கும்பிடுகிறவர்கள்தான். ஆனாலும் அன்றைக்கு வந்து முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்காருவது அவர்கள் தாத்தா காலத்துப் பழக்கம். லோகேஷும் வந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஜோஸ்வா. பின்னால் நான். இன்பமேரி மகள் தோளைப் பிடித்தபடி வந்து சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பிரசங்கம் முடிந்ததும் ஃபாதர் மன்றாட்டுச் சீட்டுகளை எடுத்தார். டவுனிலிருந்து வந்த புது ஃபாதர், எங்கள் எஸ்டேட் சமாச்சாரம் ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் தூக்கக் கலக்கத்தில் பதில் சொன்னார்கள். ஏழாவதோ எட்டாவதோ இது வந்தது:

“வனத்து அந்தோணியாரே, எங்கள் எஸ்டேட் தராசு மேட்டுக் கொட்டகையை விட்டுப் பள்ளக்காட்டு ரோட்டோரத்துக்கு இறங்கி வர வேண்டும். மேடு ஏற முடியாமல் என் அம்மா வேலையை விட்டால் எங்களுக்கு வீடு இல்லை. இதையே ஸ்டோர் அருள்சாமி அய்யா கையால் எழுதி யோசனைப் பெட்டியிலும் போட்டோம். பலன் கிடைக்கவில்லை. நீர்தான் மனமிரங்க வேண்டும்.”

ஃபாதர் சீட்டைக் கீழே வைத்தார். பிறகு பள்ளக்காட்டுப் பெண்கள் அத்தனை பேரும், ‘ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று கூரை அதிரச் சொன்னார்கள். ஃபாதர் அடுத்த சீட்டை எடுப்பதற்குள் கேட்காமலேயே இன்னொரு தடவையும் சொன்னார்கள். லோகேஷ் ஜோஸ்வா பக்கம் சாய்ந்து, தராசு மேலேயா இருக்கிறது என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவன் எஸ்டேட், அவன் தராசு. அதற்குள் ஜோஸ்வா திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தராசு ஓக் மரத்துக்கு இறங்கிவிட்டது. எட்டு ஆணி, ஒரு சங்கிலி, இரண்டு ஆள். அரைமணி நேர வேலை. குல்லாவும் சார்ட்டும் நாற்பது ஜோடி பட்டையும் தேவைப்படவில்லை. எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொடுத்தார்கள். பனி கழுத்துக்குள் இறங்கியது.

முதல் மூட்டை வருவதற்கு முன்பே ஜோஸ்வா அந்த பிஸ்கட் டின்னோடு வந்துவிட்டான். எதையும் தூக்கிப் போடாதவன் என்று சொன்னேன் இல்லையா? திறந்து, தேடாமல், மேலாகவே இருந்த ஒரு சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினான். என் கையெழுத்து. ஒரே ஒரு வரி. தராசு என்ற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை.

“அன்னைக்கு நாலோட எந்திரிச்சுப் போயிட்டேனுங்க ஸ்டோரய்யா. அஞ்சாவது கேக்காம உட்டது என் தப்புங்க,” என்றான். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “பெரியவரு காலத்துல இருந்து தராசு ஏனுங்க மேலயே இருந்துச்சு?”

எனக்குப் பதில் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். மெத்தை போட்ட நாற்காலி, ஒரு ஃபேன், ஒரு கெட்டில். அவன் முகத்தைப் பார்க்காமல் சங்கிலியை இழுத்துச் சரிசெய்கிற மாதிரி நின்றேன்.

அப்போதுதான் இன்பமேரி செடிகளுக்கு நடுவிலிருந்து வெளியே வந்தாள். சமதளத்தில் பத்தடி. இன்னும் நொண்டிக்கொண்டுதான் நடந்தாள், ஆனால் மூட்டையைத் தானே தூக்கி வந்தாள். அதை இறக்கிவிட்டு, இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“நீங்க அன்னைக்கு எழுதிக் குடுத்ததுதானுங்க ஸ்டோரய்யா. அந்தோணியாரு நொம்ப லேட்டாத்தான் கேட்டாரு, ஆனாக் கேட்டுட்டாரு. இனி எம்பட ஊடு எங்கயும் போகாது. நீங்க நல்லா இருக்கோணும்.”

ஜோஸ்வா பக்கத்தில்தான் நின்றான். சீட்டு அவன் கையில்தான் இருந்தது. ஒரு வார்த்தை போதும், அவள் கேட்டிருப்பாள், அந்தப் பள்ளக்காடு முழுக்கக் கேட்டிருக்கும். அவன் அதை நான்காக மடித்து டின்னில் போட்டு மூடினான். பிறகு நோட்டை எடுத்து, அவள் பேருக்கு நேராகக் கோடு போடாமல் வந்ததாகக் குறித்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் முட்டாள் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. என் சீட்டோடு அந்த டின் அவன் வீட்டில் இருக்கிறது. நான் இன்பமேரியின் மூட்டையைத் தராசில் மாட்டினேன். முள்ளைப் பார்க்க மறந்ததால் இரண்டு தடவை எடை பார்க்க வேண்டியிருந்தது.